குரல் கொடுக்காமல் கிட்டே போகாதே

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன், சிக்னல் போய்விட்டது. நம் மலையில் சிக்னல் போவதும் சில நேரம் நல்லதுக்குத்தான். அன்றைக்கு என் வாயில் வந்ததையெல்லாம் நீ கேட்டிருந்தால், நீ தாலி கட்டுவதற்கு முன்பே வீட்டில் ஒரு பெரிய சண்டை நடந்து முடிந்திருக்கும். அதனால் ஆறப்போட்டு எழுதுகிறேன். உறையில் போட்டு ஒட்டி உனக்கு மட்டும் அனுப்பாமல், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன். நீ சொன்னதைத்தான் என்னோடு வேலை பார்க்கும் சார் சொல்கிறார், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் சொல்கிறார்கள், உன் சித்தி வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்ல எனக்கு நேரமும் இல்லை, பொறுமையும் இல்லை.

நீ சொன்னதைத் திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. “எதுக்குங்கம்மா ரிட்டயர் ஆகப்போற நேரத்துல உங்களுக்கு இந்த வம்பு? அந்தப் புள்ளைக்கு டி.சி. குடுத்து அனுப்பிப்போட்டு, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே வந்து சேருங்க” என்றாய். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, முகூர்த்தத்துக்கு முழுக்கை ரவிக்கை தைத்துக்கொள்ளச் சொன்னாய். பெண் வீட்டார் நாமக்கல் டவுன்காரர்கள், கையில் என்ன தழும்பு என்று கேட்பார்கள், பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளை கடித்து வைத்தது என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா என்றாய். அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். கடைசியாக ஒன்று சொன்னாய் பார்: “எனக்கும்தான் டி.சி. குடுத்தாங்க. அதனாலதானுங்கம்மா நான் திருந்துனேன்.” அந்த இடத்தில்தான் சிக்னல் போனது. என் வயிற்றில் பிறந்தவன் தன் கதையைத் தானே இப்படித் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறானே என்று அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. ஆத்திரம்தான் கொஞ்சம் அதிகம்.

முதலில் அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன். பெயர் சங்கவி. என் ஐந்தாம் வகுப்பில் படிக்கிறாள். அப்பன் போர்வெல் லாரியில் வடக்கே எங்கோ குழாய்க் கிணறு தோண்டப் போனவன், பொங்கலுக்கு வருவான், சில வருஷம் அதற்கும் வருவதில்லை. அம்மா வசந்தா, சரிவில் இருக்கிற குச்சிக்கிழங்குக் காட்டை ஒற்றை ஆளாகப் பார்க்கிறாள். ஆடி கழிந்து பள்ளிக்கு வந்தபோது சங்கவி வேறு பிள்ளையாக வந்தாள். காலையில் வந்ததும் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துவிடுவாள். எழுப்பினால் நோட்டு பறக்கும், ஜியோமெட்ரி பாக்ஸ் பறக்கும். இங்கிலீஷ் எடுக்கும் சார் ஒரு நாள் சாக்பீஸை எறிந்து எழுப்பினார், அவள் பதிலுக்கு அவருடைய டிபன் பாக்ஸையே எறிந்தாள். அன்றைக்கு அவர் பட்டினி. “மேடம், இது பள்ளிக்கூடமுங்களா, இல்ல போர்க்களமுங்களா?” என்று என்னைக் கேட்டார். எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வந்தாலும், முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு அவளை வெளியே நிற்கவைத்தேன். வெயிலில் நின்றபடியே தூங்கி, தூணில் தலை மோதி விழுந்தாள்.

சத்துணவு வரிசையில் நடந்தது அதற்கு அப்புறம். முருகேசன் மகன், துறுதுறுவென்று இருப்பானே, அவன் அவள் பின்னால் நின்று விளையாட்டுக்குச் சடையைப் பிடித்து இழுத்திருக்கிறான். இவள் திரும்பிய வேகத்தில் கையிலிருந்த எவர்சில்வர் தட்டு அவன் நெற்றியில் இறங்கிவிட்டது. தையல் போட வேண்டியிருந்தது. ரத்தம் வழிகிற பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குப் போனவள் நான். எனக்குச் சங்கவிமேல் அப்போது பாசமும் இல்லை, பரிதாபமும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. டீச்சர் என்றால் எந்நேரமும் பிள்ளைகளைப் பார்த்து உருகிக்கொண்டே இருக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் சொல்வார்கள். அவர்கள் யாரும் மடியில் ரத்தக்கறையோடு திரும்பி வந்து அதே வகுப்பில் பின்னப் பாடம் நடத்தியவர்கள் இல்லை.

அடுத்த வாரம் என் முறை. அவள் வழக்கம்போலக் கவிழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சத்தம் போட்டு எழுப்பினால் கலவரம் ஆகும், மெதுவாக எழுப்பலாம் என்று நினைத்தேன். பின்பக்கமாக நடந்துபோய், அவள் கழுத்தடியில் கையை வைத்தேன். அன்பாகத்தான் வைத்தேன். கண்ணைத் திறக்கவே இல்லை, கண்ணு, அப்படியே திரும்பி என் முன்கையைக் கவ்விவிட்டாள். வகுப்பே அலறியது. அவள் கண் திறந்து, தன் வாயில் இருப்பது என் கை என்று பார்த்த நேரத்தில் அவள் முகம் போன போக்கை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விட்டுவிட்டு ஜன்னல் வழியே குதித்து ஓடிப்போனாள். நான் கட்டுப் போட்டுக்கொண்டு, ஊசியும் போட்டுக்கொண்டு, மறுநாளே அவள் வீட்டுக்குக் கிளம்பினேன். சமாதானம் பேசப் போகவில்லை. வசந்தாவை நாலு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் என்றுதான் போனேன்.

வீட்டில் ஆளில்லை. காட்டில் இருப்பார்கள் என்றார்கள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சரிவில் இறங்குகிற இடத்தில் நின்று, பழக்கதோஷத்தில், “ஏனுங்க வசந்தா! நான் டீச்சர் வாரேனுங்க!” என்று குரல் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என் கால் அங்கேயே நின்றது. நம் மலையில் யார் காட்டுக்குப் போனாலும், மேட்டிலேயே நின்று குரல் கொடுத்துவிட்டுத்தானே இறங்குவோம்? காட்டுப்பன்னிக்குக் காவல் இருக்கிறவர்கள் கையில் தடி இருக்கும், கவண் இருக்கும். பரண்மேல் தூக்கக் கலக்கத்தில் இருக்கிறவர்கள் பின்னால் சத்தமில்லாமல் போய் நின்றால் மண்டை உடையும், உடைத்தவர்மேல் குற்றம் சொல்லவும் முடியாது. குரல் கொடுக்காமல் வந்தவன்மேல்தான் குற்றம் என்று பஞ்சாயத்திலேயே சொல்வார்கள். நடக்கத் தெரிந்த நாள் முதல் நமக்குச் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். உனக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அப்படிப்பட்டவள், கையில் ஒரு சாக்பீஸ் வந்ததும், சுவரும் கரும்பலகையும் வந்ததும், அதை மறந்துபோய்ப் பூனை மாதிரி அந்தப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போயிருக்கிறேன்.

கீழே பரணிலிருந்து பதில் வந்தது. “வாங்க டீச்சர்! பார்த்து வாங்க, அந்தப் பக்கம் வழுக்கும்.” வசந்தாவின் குரல் இல்லை அது. சங்கவியின் குரல். வகுப்பில் ஒரு வார்த்தை பேசாதவள், வீட்டுக்கு வந்த விருந்தாளியைக் கூப்பிடுகிற பெரிய மனுஷி மாதிரி கூப்பிட்டாள். மரவள்ளிக் கிழங்கு முற்றுகிற காலம், பன்னி தினமும் இறங்குகிறது. முன்னிரவில் வசந்தா காவல், பின்னிரவில் மகள் காவல். தகரத்தைத் தட்டிக் கத்தி, கல்லெறிந்து விரட்டிவிட்டு, விடிந்ததும் யூனிபார்ம் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் வருகிறாள். ஒரு தரம் பின்பக்கமாக வந்த பன்னி பரண்காலை முட்டி ஆட்டியிருக்கிறது. அதற்குப் பிறகு முதுகுப்பக்கம் இலை அசைந்தாலும் பிள்ளைக்குக் கை தானாக ஓங்குகிறது என்று வசந்தா சொன்னாள். நான் நாலு கேள்வி கேட்கப் போனவள், ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அவள் கொடுத்த சுட்ட கிழங்கைத் தின்றுவிட்டு வந்தேன். என் கட்டைப் பார்த்த சங்கவி பரணைவிட்டு இறங்கவே இல்லை.

இப்போது நீ சொல்வாய், “பாவந்தானுங்கம்மா, ஆனா அதுக்காக?” என்று. எல்லோரும் இந்த ‘ஆனா’வில்தான் வந்து நிற்பார்கள். காரணம் தெரிந்துவிட்டால் எல்லாவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முருகேசன் மகன் நெற்றியில் தையல் போட்டது போட்டதுதான். அவனுக்கு வலித்தது வலித்ததுதான். ஆனால் பிள்ளை ஏன் அடிக்கிறது என்று தெரியாமல் தண்டனை கொடுப்பது, எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்காமல் ஊசி போடுவது மாதிரி. பயந்த பிள்ளையைப் பயமுறுத்தினால் என்ன ஆகும்? பயம் இன்னும் ஒரு படி ஏறும், கை இன்னும் வேகமாக ஓங்கும், நாம் ‘பாத்தீங்களா, இதெல்லாம் திருந்தாது’ என்போம். நாமே மூட்டிவிட்டு நாமே தீ தீ என்று கத்துவோம்.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் போட்டார்கள். முருகேசன் பின்னால் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். சட்டப்படி அந்தப் பிள்ளையை நாங்களாக வெளியே அனுப்ப முடியாது. அது எல்லோருக்கும் தெரியும். அதனால் வேறு வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: பெற்றவர்களை அவமானப்படுத்தி, அவர்களே வந்து டி.சி. கேட்கும்படி செய்துவிடுவது. வசந்தா தலையைக் குனிந்துகொண்டு வந்தாள். “பேரை எடுத்துப்போடுங்க டீச்சர். நான் காட்டுக்கே கூட்டிட்டுப் போயிக்கறேன். ஆருக்கும் தொந்தரவு வேண்டாமுங்க” என்றாள். அங்கே இருந்த யாருக்கும் அது கஷ்டமாக இல்லை. பாரம் இறங்கியது மாதிரி எல்லோரும் மூச்சு விட்டார்கள். எனக்கு மட்டும் தெரிந்தது. இந்தக் கையெழுத்து விழுந்தால் அந்தப் பிள்ளைக்குப் பரண்தான் இனிமேல் பள்ளிக்கூடம். பன்னிக்காவல் முடிந்தால் மிளகு, மிளகு முடிந்தால் களையெடுப்பு, கொஞ்சம் வளர்ந்தால் கல்யாணம். நான் முடியாது என்றேன். “வசந்தா, நீ கேட்டாலும் தரமாட்டேன், உன்ற ஊட்டுக்காரன் வந்து கேட்டாலும் தரமாட்டேன்” என்றேன்.

முருகேசன் எழுந்து நின்றான். அவன் சின்ன வயதில் என்னிடம் படித்தவன், மரியாதை விட்டுப்போகாமல்தான் கத்தினான். “உங்க மவன் மண்டையில தையல் போட்டிருந்தா இப்படிப் பேசுவீங்களா டீச்சர்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. கையில் கட்டோடு நின்றுகொண்டு சொன்னேன்: “என்ற மவனும் ஒரு காலத்துல தூக்கி எறிஞ்சவன்தான் முருகேசா. அவனைத் தொரத்துனாங்க. தொரத்துன கதை எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்றேன்.” ஆமாம் கண்ணு, ஊர்ச்சபையில் உன் கதையைச் சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்வாய் என்று தெரியும். கோபித்துக்கொள். “இன்னொருக்கா நடந்தா?” என்றான். கிழங்கு பிடுங்கி முடிகிற வரைக்கும் நான் ஒரு நாளும் லீவு போடமாட்டேன், அவள் என் பக்கத்திலேயே இருப்பாள், யாருக்காவது ஏதாவது என்றால் நான் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தேன். “தையில உங்க ஊட்டுக் கல்யாணம் வருதே?” என்று பின்னாலிருந்து யாரோ இழுத்தார்கள். “முகூர்த்தத்தன்னைக்கு மட்டும் வரமாட்டேன். அன்னைக்கு முருகேசன் வந்து என்ற வகுப்புல உக்காரட்டும்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். முருகேசன் மட்டும், “நானுங்களா?” என்று விழித்தான். கூட்டத்துக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியாமல் தலையாட்டிவிட்டான்.

இப்போது புரிகிறதா, நான் ஏன் ஒரு வாரம் முன்னாடி வரமுடியாது என்று? வாக்குக் கொடுத்திருக்கிறேன். பெற்ற மகன் கல்யாணத்தைவிட ஊரான் பிள்ளை பெரிதா என்று உன் சித்தி கேட்டாள். கல்யாணத்தை ஒப்பிட்டுப் பார்க்க நான் தராசு தூக்கவில்லை. பந்தக்கால் நட ஆள் இருக்கிறது, பத்திரிகை வைக்க ஆள் இருக்கிறது, சீர்த்தட்டு அடுக்க உன் அத்தைமார் அடித்துக்கொள்கிறார்கள். சங்கவிக்கு இங்கே அப்படி ஒருத்தரும் இல்லை. அதுதான் கணக்கு.

உன் கதைக்கு வருகிறேன். ஆறாம் வகுப்புக்கு உன்னைக் கீழே அந்த விடுதிப் பள்ளியில் சேர்த்தோம். நல்ல இங்கிலீஷ் வரும் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே ராத்திரிப் படிப்பு நேரத்தில் வார்டன் சத்தமில்லாமல் பின்னால் வந்து, கண் சொக்குகிற பையன்களின் பிடரியில் அடிப்பாராம். உன்னை ‘ஏ மலை’ என்றுதான் கூப்பிடுவார்களாம். நான் வறுத்துக் கொடுத்தனுப்பிய பலாக்கொட்டை வாசம் அடிக்கிறது என்று ஒரு வாத்தியார் உன் டிரங்குப் பெட்டியை வகுப்பு நடுவில் கவிழ்த்தார். பையன்கள் பலாக்கொட்டையைக் காலால் உதைத்து விளையாடினார்கள். நீ மரக்கட்டை டஸ்டரைத் தூக்கி அவர்மேல் எறிந்தாய். எங்களை வரச்சொல்லி டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். ஏன் எறிந்தாய் என்று அந்தப் பள்ளியில் ஒரு ஆள் உன்னைக் கேட்கவில்லை. உன் அப்பா உன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு காளப்பநாயக்கன்பட்டி பஸ் ஸ்டாண்டில் உனக்கு ஒரு பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தார். நீ குடிக்கவில்லை. வளைவு வளைவாகப் பஸ் ஏறி வருகிற வழியெல்லாம் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தாய்.

அப்புறம் நீ திருந்தினாயா? திருந்தியதை நான் பார்க்கவில்லையே. என் பள்ளிக்கூடத்திலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தேன். அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவாய். யாராவது கிட்டே வந்தால் உதைப்பாய். வீட்டில் சோற்றுக் குண்டானைக் கவிழ்த்தாய், என் கண்ணாடியை உடைத்தாய். அப்போதிருந்த தலைமையாசிரியர், சொந்த மகன் என்பதால்தானே சலுகை காட்டுகிறீர்கள் என்று என்னைக் கேட்டார். ஆமாம் சார், இதே சலுகையை இனிமேல் எல்லாப் பிள்ளைக்கும் காட்டுவேன் என்றேன். அவர் அதை நக்கல் என்று நினைத்துக்கொண்டார். நான் நிஜமாகத்தான் சொன்னேன். இன்றுவரை அந்தப் பேச்சை விட்டு நான் நகரவில்லை.

உனக்கு எது வழிவிட்டது என்று எனக்குத் தெரியும். மிளகு பறிக்கிற காலம் வந்தது. சில்வர் ஓக் மரத்தில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாத்தி உன் அப்பா ஏறுவார். கீழே ஏணியைப் பிடிக்க வழக்கமாக வருகிற ஆள் அன்றைக்கு வரவில்லை. அவர் உன்னைக் கூப்பிட்டார். எனக்கு உயிரே இல்லை, கோபத்தில் ஏணியைத் தள்ளிவிட்டால் என்ன ஆகும் என்று. அவரோ தோளில் பையை மாட்டிக்கொண்டு, “புடிச்சுக்க சாமி, உன்னை நம்பித்தான் ஏறறேன்” என்று சொல்லிவிட்டு மளமளவென்று உச்சிக்குப் போய்விட்டார். நீ இரண்டு கையாலும் ஏணியைக் கட்டிக்கொண்டு நின்றாய். கன்னத்தை மூங்கிலோடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாய். பலாக்கொட்டை விஷயத்தை நீ சொன்னது அந்த ஏணியடியில்தான், அதுவும் என் முகத்தைப் பார்க்காமல், மரத்தைப் பார்த்துச் சொன்னாய். நான் கீழே உதிர்ந்த மிளகைப் பொறுக்கிக்கொண்டே கேட்டேன். நிமிர்ந்து பார்த்திருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். டி.சி. உன்னைத் திருத்தவில்லை கண்ணு. துரத்தினவர்கள் உன்னை உடைத்து அனுப்பினார்கள். உன்னை நம்பி ஒரு மனுஷன் மரத்தில் ஏறினார். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உதைத்தவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு திரிகிற பிள்ளையை நான் பெறவில்லை.

சங்கவி இப்போது எப்படி இருக்கிறாள் என்று நீ கேட்கவே இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். யார் யார் பக்கத்தில் போனாலும், முன்னாடியே “வாரேன்” என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். நானும் அப்படித்தான். அவளுக்கு மட்டும் என்று வைத்தால் அவளை விரல் நீட்டிக் காட்டின மாதிரி ஆகும், அதனால் எல்லோருக்கும் வைத்தேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டாகிவிட்டது, ஒன்றுக்குப் போகிறவன்கூட “வாரேன், வாரேன்” என்று கத்திக்கொண்டே போகிறான். அவள் பெஞ்ச் சுவரை ஒட்டி இருக்கிறது, முதுகுக்குப் பின்னால் யாரும் வரமுடியாது. முதல் பாடவேளை அவள் பாய் விரித்துத் தூங்குகிறாள். இது பள்ளிக்கூடமா சத்திரமா என்று சார் கேட்கிறார். தூங்கி எழுந்த பிள்ளை கணக்குப் போடுகிறது, தூங்காத பிள்ளை தட்டால் அடிக்கிறது, உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டேன். பன்னி விரட்டுகிற தொண்டை ஆயிற்றே, இடைவேளை முடிந்து மைதானத்துப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற வேலையை அவளிடம் கொடுத்தேன். முதல் நாள் எல்லோரையும் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு, அவள் வெளியிலேயே நின்றுகொண்டாள். நான் போய்க் குரல் கொடுத்த பிறகுதான் வந்தாள்.

எல்லாம் சுபம் என்று எழுத மாட்டேன். போன வாரம்கூட ஒரு தண்ணீர்க்குடம் உடைந்தது. முருகேசன் மகனிடம் அவள் வாய் திறந்து மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கச் சொல்லி நானும் கட்டாயப்படுத்தவில்லை. ஒரு நாள் காலையில் இரண்டு மலைவாழைப்பழத்தைக் கொண்டுவந்து அவன் பெஞ்சில் வைத்துவிட்டு, “வாரேன்” என்பதற்குப் பதில் “போறேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவன் ஒன்றைத் தின்றான், ஒன்றைப் பைக்குள் வைத்துக்கொண்டான். சாயங்காலம் அவனே வீட்டில் அப்பனிடம் சொல்லியிருக்கிறான். முருகேசன் மறுநாள் பள்ளி வாசலில் நின்று, முகத்தை வேறெங்கோ வைத்துக்கொண்டு, “முகூர்த்தத்தன்னைக்கு நான் எத்தனை மணிக்கு வரோணுமுங்க டீச்சர்?” என்று கேட்டான். சங்கவியின் பாய் எங்கே இருக்கிறது என்று காட்டினேன்.

நான் முந்தின நாள் பள்ளிக்கூடம் விட்டுச் சாயங்கால பஸ்ஸில் இறங்குகிறேன். அரைக்கை ரவிக்கைதான் தைத்திருக்கிறேன், அரக்குப் பட்டுக்கு எடுப்பாக இருக்கிறது. கேட்கிறவர்களிடம், பயந்துபோன பிள்ளை ஒன்று கடித்தது, இப்போது நன்றாகப் படிக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், என் கை, என் தழும்பு. போட்டோக்காரர் கையை மறைத்து நிற்கச் சொன்னால் மேடையிலேயே சண்டை போடுவேன், முன்கூட்டியே சொல்லிவை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று பந்தி முடிந்து நீ கை கழுவிக்கொண்டிருந்தாய். நீ கட்டிக்கொள்ளப்போகிற பெண் பின்னால் வந்து, ஆசையாக உன் தோளைத் தொட்டாள். உன் உடம்பு தூக்கிப்போட்டது, முழங்கை தானாகப் பின்னால் ஓங்கியது, அவள் முகத்துக்கு ஒரு விரற்கடையில் நின்றது. நீ சிரித்துச் சமாளித்தாய். அவளும் சிரித்தாள், ஆனால் அவள் கண் சிரிக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த வார்டன் உன் பிடரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறார். டி.சி. கொடுத்துத் திருத்திய லட்சணம் அதுதான். சங்கவியின் பக்கம் நிற்கவேண்டியவன் நீ என்று உன் தோளுக்குத் தெரிகிறது கண்ணு, உனக்குத்தான் தெரியவில்லை.

தாலி கட்டுவதற்கு முன்னால் அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடு. பலாக்கொட்டையையும் சொல், டஸ்டரையும் சொல், ஏணியையும் சொல். பின்னாலிருந்து தொடாதே, ஒரு குரல் கொடுத்துவிட்டு வா என்று சொல். நல்ல பெண், புரிந்துகொள்வாள். நீ சொல்லவில்லை என்றால் நான் சொல்வேன், என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். மணவறையில் நீ உட்கார்ந்திருக்கும்போது அட்சதை போட எல்லோரும் பின்பக்கமாக நெருக்கியடித்துக்கொண்டு வருவார்கள். நான் முன்னால் வந்து நின்று, உனக்குக் கேட்கிற மாதிரிச் சொல்லிவிட்டுத்தான் கை தூக்குவேன்.

வாரேன் சாமி.

அம்மா